மலையுச்சியில் ஒன்பது குழிகள்

(கிருலப்பனையில், மலையேற்றம் பழகும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



உங்களில் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "எரத்ன பாதையால் சிவனொளிபாதமலைக்கு ஏறப்போகிறோம். போகிற வழியில், காட்டுக்குள், ஒரு பெட்டியை ஒளித்து வைத்து அதன் ஆள்கூற்றை இணையத்தில் போடலாமா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைக்க வேண்டாம். தேடப் போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தக் காட்டில் எதையும் வைத்துவிட்டு வராதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்த மாலை.

முன்வரிசையில் இருக்கும் பெற்றோரின் முகத்தைப் பார்த்தால், என்ன பெட்டி, எதற்குப் பெட்டி என்று யோசிப்பது தெரிகிறது. ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைப்பார். உள்ளே ஒரு கொப்பி, ஒரு பென்சில், சிலவேளை ஒரு சின்னப் பொம்மை. இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கைத்தொலைபேசியில் ஜீபிஎஸ் பார்த்துத் தேடிப் போவார்கள். கண்டுபிடித்தவர் கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பொம்மையை எடுத்தால் அதே பெறுமதியில் வேறொன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான். காசு பணம் எதுவும் கிடையாது. தேடுவது எவ்வளவு கஷ்டம், நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை இரண்டு புள்ளிகள் கொடுத்திருப்பார்கள். விதிகளும் உண்டு: ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீற்றராவது இடைவெளி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும், வைத்தவரே அதைப் பராமரிக்க வேண்டும், சுற்றுலா வந்த இடத்தில் வைத்துவிட்டு விமானம் ஏறக் கூடாது.

கதை தொடங்கியது 2000ஆம் ஆண்டு மே மாதத்தில். ஜீபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். கருவி காட்டும் இடம் நூறு மீற்றர் வரை தள்ளிப்போகலாம். கப்பல்காரனுக்கு அது பரவாயில்லை, மரப்பொந்தில் பெட்டி தேடுகிறவனுக்கு உதவாது. மே 1ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டன் அந்தப் பிழையை நிறுத்தச் சொன்னார். அன்றிரவே நின்றது. மே 3ஆம் திகதி, ஒறிகன் மாநிலத்தில் பீவர்கிறீக் என்ற ஊருக்கு அருகே, டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து ஆள்கூற்றை அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு தகரம் அவரைக்கொட்டை. சில நாட்களுக்குள் மைக் ரீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். இன்றைய விதிப்படி பார்த்தால் அந்த முதல் வாளியே செல்லாது, புதைத்து வைத்ததல்லவா! அதே ஆண்டு செப்டெம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். இப்போது உலகம் முழுவதும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

செய்மதி இல்லாத காலத்திலும் இது இருந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில், 1854இல், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்தார். அந்தச் சேற்றையெல்லாம் கடந்து அவ்வளவு தூரம் வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து ஒரு வழக்கமே வளர்ந்தது. ஆங்கிலேயர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இது. சொல்லட்டும். நான் உங்களை அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் அழைத்துப் போகிறேன், அதுவும் நீங்கள் ஏறப்போகும் அதே மலைக்கு.

1344இல் உலகப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்த கப்பல் புத்தளப் பக்கம் கரை சேர்கிறது. அங்கே அப்போது இருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. முத்துக் குளிப்புக் காலம். அரசரின் முன்னால் முத்துகள் தரம் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தனவாம். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது, ஆகவே இருவரும் பேசிக்கொண்டார்கள். என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, பாவா ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் விருந்தாளி. அரசர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஆட்களையும் சேர்த்து அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகனுக்குத் தமிழரசன் ஒருவன் சைவ யோகிகளை வழிகாட்டியாக அனுப்பிய காலம் அது. மேலே பேச நிறைய இருக்கிறது, ஆனாலும் மலைக்கே போவோம்.

இரண்டு பாதைகள் உண்டு என்று எழுதுகிறார் பதூதா. ஒன்று பாவா பாதை, மற்றது மாமா பாதை. ஆதமின் பெயரால் ஒன்று, ஏவாளின் பெயரால் ஒன்று. மாமா பாதை எளிது. திரும்பி வரும்போது அதால் இறங்குவார்கள். அதால் ஏறியவன் யாத்திரை செய்ததாகவே கணக்கில்லை! பாவா பாதை செங்குத்து. பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, சங்கிலி தொங்கவிட்டிருக்கிறார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவதில் நின்று கீழே பார்த்தால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா சொல்லத் தோன்றும், அதனால் அதற்கு அந்தப் பெயரே வைத்திருந்தார்கள். ஐந்து புள்ளிப் பாதை எது, இரண்டு புள்ளிப் பாதை எது என்ற வழக்கு இந்த மலைக்குப் புதிதல்ல. இன்றைக்கும் ஹற்றன் பக்கத்தால், நல்லதண்ணியிலிருந்து மின்விளக்கும் தேத்தண்ணிக் கடையும் உள்ள படிகளில் ஏறியவரைப் பார்த்து, எரத்னவாலோ பலாபத்தலவாலோ ஏறியவர் ஒரு சிரிப்புச் சிரிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அட்டையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நீர்நிலை அருகே செடியிலும் புல்லிலும் காத்திருந்து ஆள்மேல் பாயும். அதற்கென்று எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து பிழிவார்கள், பிறகு மரக்கத்தியால் சுரண்டுவார்கள் என்கிறார். உங்கள் பையில் இன்று சவர்க்காரமும் சித்தாலேபயும் இருக்கும். அட்டை மாறவில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். உச்சியில் பாதச்சுவடு இருக்கும் பாறையில் ஒன்பது குழிகள் வெட்டப்பட்டிருந்தன என்று எழுதுகிறார். யாத்திரிகர்கள் அவற்றில் பொன்னும் மணியும் முத்தும் காணிக்கையாக இட்டுச் செல்வார்கள். கீழே கிள்ரின் குகை என்று ஒரு தங்குமிடம். அங்கே வந்து சேரும் பக்கீர்கள், குழிகளில் இருப்பதை எடுக்க ஒருவரையொருவர் முந்திக்கொண்டு மேலே ஓடுவார்களாம். பதூதாவின் கூட்டம் போய்ப் பார்த்தபோது கொஞ்சம் கற்களும் சிறிதளவு பொன்னுமே மிஞ்சியிருந்தன. அதை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஓரிடம். அதில் ஒரு குழி. முன்னே வந்தவன் வைத்ததைப் பின்னே வருகிறவன் எடுக்கிறான். முதலில் கண்டுபிடிப்பவன் யார் என்ற போட்டி வேறு. ஜியோகேஷிங்கின் உறுப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன, பெயர் எழுதும் கொப்பி ஒன்றைத் தவிர.

கொப்பிக்குப் பதிலாக மணி இருக்கிறது. உச்சியில் தொங்கும் மணியை, எத்தனையாம் தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் தடவை வந்த பையன் ஒன்றடித்துவிட்டு விலகுவான். அடுத்து வரும் பாட்டி அடித்துக்கொண்டே இருப்பார், சுற்றி நிற்பவர்கள் எண்ணுவார்கள், முகங்கள் மாறும். யாரும் ஆதாரம் கேட்பதில்லை. படம் எடுத்து ஏற்றத் தேவையில்லை. ஹற்றன் பாதையில் இந்திகட்டுபான என்ற இடத்தில், புத்தர் தம் கிழிந்த சீவரத்தைத் தைத்ததாகச் சொல்லும் நினைவில், ஊசியில் கோத்த நூலை வழிநெடுகப் பிரித்துக்கொண்டு போவார்கள். அதுவும் வந்துபோனதற்கு ஒரு பதிவு. நூலும் காட்டில் விடப்படும் பொருள்தான் என்று யாராவது வாதாடினால் நான் மறுக்க மாட்டேன். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் அந்த மலையிலிருந்து இறக்கப்படும் பிளாஸ்ரிக் போத்தலையும் பொலித்தீனையும் பார்த்தவர்களால், பக்தி என்ற ஒரே காரணத்துக்காக எதையும் மன்னித்துவிட முடியாது.

இனி ஆள்கூறு. நான் புவியியல் படிப்பித்தவன், இதில் கொஞ்சம் நேரம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிவனொளிபாதமலை உச்சி வடக்கு 6 பாகை 48½ கலை, கிழக்கு 80 பாகை 30 கலை. கிருலப்பனை ஏறத்தாழ வடக்கு 6 பாகை 53 கலை, கிழக்கு 79 பாகை 53 கலை. அகலாங்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது இந்த மண்டபத்திலிருந்து கிழக்கே, ஒரு சொட்டுத் தெற்குச் சாய்ந்து, நேர்கோட்டில் 70 கிலோமீற்றர் அளவில் அந்த உச்சி நிற்கிறது. நம் வாசலால் போகும் ஹைலெவல் வீதியைப் பிடித்துக்கொண்டே போனால் அவிசாவளை, எஹெலியகொட, குருவிட்ட. அங்கே இடப்பக்கம் திரும்பினால் எரத்ன. நம் பைப்பில் வருவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துத் தண்ணீர்தான். மலையின் வடக்குச் சரிவில் பிறக்கும் மஸ்கெலியா ஓயா களனியில் சேர்கிறது, களனியின் தண்ணீரைத்தான் அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொரு அயல் வீட்டுச் செய்தி. இலங்கை நில அளவைத் திணைக்களம் நமக்குப் பக்கத்தில், நாரஹேன்பிட்டி கிருல வீதியில் இருக்கிறது. 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கிய திணைக்களம். அவர்களுடைய வரைபடக் கட்டங்களின் தொடக்கம் பிதுருதலாகலை உச்சி. பழைய படங்களில் அந்த உச்சிக்குக் கிழக்காக 200,000 மீற்றர், வடக்காக 200,000 மீற்றர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். 1999இன் புதிய முறையில் அது 500,000 ஆகிவிட்டது. புதிய எண்ணைப் பழைய படத்தில் வைத்துத் தேடினால் நீங்கள் வங்கக்கடலில் நிற்பீர்கள். சிரிக்காதீர்கள், எந்தப் படம், எந்த முறை என்று பார்க்காமல் காட்டுக்குள் இறங்குவோர் இருக்கிறார்கள்.

ஜியோகேஷிங்கில் ஆள்கூற்றைப் பாகை, கலை, கலையில் மூன்று தசமதானம் என்று எழுதுவார்கள். ஒரு கலை 1.85 கிலோமீற்றர், அதன் ஆயிரத்தில் ஒன்று இரண்டு மீற்றருக்கும் குறைவு. எழுத்தில் அவ்வளவு துல்லியம். காட்டில்? செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. உங்கள் இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கின் சமிக்ஞை வேண்டும். சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறார்கள். ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீற்றர் பிசகும். சமிக்ஞையோ மிக மெலிந்தது. நனைந்த இலை அதைக் குடித்துவிடும். பாறைச் சுவரில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை கூடுதல் தூரம் சுற்றி வந்திருப்பதால் பொய் சொல்லும். எரத்னப் பாதையில் ஓர் ஆற்றுப் பள்ளத்தில் நின்று போனைப் பாருங்கள்: மேலே மூன்று அடுக்கு மரம், இருபக்கமும் மலை, வானம் ஒரு கீற்று. நீங்கள் அசையாமல் நிற்க, திரையில் உங்கள் புள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும், திரும்பி வரும், பாறைக்குள் நுழையும். பெட்டி தேடுகிறவனுக்கு இதன் பொருள் என்ன? முப்பது மீற்றர் வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. ஆகவே அவன் பாதையை விட்டு இறங்குகிறான். கல்லைப் புரட்டுகிறான். வேர் இடுக்கில் கையை விடுகிறான். சருகைக் கிளறுகிறான்.

அங்கேதான் என் ஆட்சேபம் தொடங்குகிறது.

வேர் இடுக்கு, பாறைப் பொந்து, விழுந்த மரத்தின் அடி. உலகெங்கும் பெட்டி ஒளிப்பவர்களுக்குப் பிடித்த இடங்கள் இவை. ஒறிகனில் வைக்கலாம். நம் ஈரவலயக் காட்டில் அந்த முகவரிகளில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. சிங்களவர் குணகடுவா என்று சொல்லும் சிறு குழிவிரியன், சருகின் நிறத்தில், முழம் நீளம்கூட இல்லாமல், சருகுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். இலங்கையில் மிகப் பலரைத் தீண்டும் பாம்பு அதுதான். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் இந்தியத் தயாரிப்பான விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்யாது. பெரும்பாலானோர் தப்பிவிடுவார்கள், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும். பெட்டிக்காகப் பொந்தில் கைவிடச் சொல்லும் விளையாட்டை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோகிறவர் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

பாம்பின் பக்கம் நின்றும் பேச வேண்டும், தவளையின் பக்கம் நின்றும். இந்த மலையைச் சூழ்ந்த சிகர வனாந்தரம் 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அடிவாரத்தில் ஹொர மரமும் நாகமரமும் நின்று, மேலே போகப் போக மரம் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி மூடி, உச்சிக்குக் கிட்ட மகரத்மல் சிவப்பாகப் பூக்கும். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவு. தெரியாதது காலடியில் இருக்கிறது. இலங்கையின் புதர்த்தவளைகள் பலவற்றுக்கு தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. பெண் தவளை காட்டுத் தரையில் ஈர மண்ணைக் கிளறி, முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிட்டுப் போகும். குட்டித் தவளை நேராக அதிலிருந்து வெளிவரும். நீங்கள் "சருகுதானே" என்று காலால் ஒதுக்குவது பிரசவ அறை.

அந்தத் தவளைக் கூட்டத்தில் ஒன்றின் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புதையல் வேறு தேவைப்படாது. 1853இல் கெலார்ட் என்ற இலங்கையில் பிறந்த மருத்துவர், பச்சை உடலில் நட்சத்திரம் தெளித்தது போன்ற புள்ளிகள் கொண்ட ஒரு தவளையை விவரித்து எழுதினார். அதன் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை, நூறு ஆண்டு, நூற்றைம்பது ஆண்டு. அழிந்துபோன இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2009இல், இதே சிகர வனாந்தரத்தில், இரவில் விளக்கோடு தேடிப்போன நம் நாட்டு ஆய்வாளர்கள் மென்டிஸ் விக்கிரமசிங்கவும் அவருடைய குழுவினரும் அதை உயிரோடு கண்டார்கள். ஆள்கூறு யாரும் கொடுக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய ஒரு வருணனை, பழகிய கண், இலை இலையாகப் பார்க்கும் பொறுமை, இவைதான் அவர்களிடம் இருந்தவை. இதைவிடக் கடினமான தேடலுக்கு அந்த விளையாட்டில் புள்ளியே இல்லை.

எரத்னவுக்குத் திரும்பும் அதே குருவிட்டப் பக்கத்தில் பட்டதொம்பலென குகை இருக்கிறது. 28,000 ஆண்டுகளுக்கும் முன்னரே அங்கே மனிதர் வாழ்ந்தார்கள். தொல்லியலாளர் தெரணியகல அகழ்ந்தபோது கிடைத்தவை: படிகக் கல்லில் செதுக்கிய நகத்தளவு கருவிகள், குரங்கு, அணில் எலும்புகள், மரநத்தை ஓடுகள், கெக்குன விதைகளின் கரிந்த ஓடு, அவற்றோடு கடற்சிப்பியில் செய்த மணிகள். கடல் அங்கிருந்து நாட்கணக்கில் நடக்கும் தூரம். யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள், யாரோ கைமாற்றியிருக்கிறார்கள். அந்தக் காட்டில் மனிதன் விட்டுவந்த பொருள் என்று ஒன்று இருக்குமானால் அதன் தரம் இது. உங்கள் லஞ்ச் பொக்ஸ் மூடியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காடு வேண்டாம் என்றால் ஊரில் வைக்கலாமே என்பீர்கள். இங்கே நான் கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும்.

இந்த மண்டபத்தில் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும், பஸ்ஸில் ஏறியதும் ஆசனத்தின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தவர்கள். உரிமையாளர் இல்லாத பொதியைக் கண்டால் தொடாதே, சொல்லு என்று வானொலியில் கேட்டவர்கள். மறைத்து வைத்த பெட்டி என்றால் எங்கள் தலைமுறைக்கு ஒரே பொருள்தான். 2009இல் போர் முடிந்தது. 2019 ஏப்ரல் 21 காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த செய்தி வந்தபோது, அந்த நினைப்பு இடைவெளியே இல்லாமல் திரும்பி வந்தது. வடக்கில் முகமாலைப் பக்கம் இன்னும் மண்ணுக்குள் ஒளித்து வைத்த கண்ணிவெடிகளைத்தான் ஆட்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தேடுகிறார்கள். அங்கே ஒரு பெண் ஒரு நாளைக்கு முன்னேறும் தூரத்தை மீற்றரில் சொல்லிவிடலாம்.

இது நம் நாட்டுப் பதற்றம் மட்டுமல்ல. 2011இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற அமைதியான சிற்றூரில், ஒரு தேநீர்க் கடை வாசலில் பூத்தொட்டியடியில் யாரோ வைத்த ஜியோகேஷிங் பெட்டியைக் குண்டு என்று நினைத்து, தெருவை மூடி, இராணுவத்தை அழைத்து வெடிக்கவைத்தார்கள். அங்கேயே அப்படி. கிருலப்பனைக் கால்வாய்ப் பாலத்தின் அடியில் மாலை ஆறரைக்கு ஒரு தமிழ்ப் பையன் போன் வெளிச்சத்தில் எதையோ தடவிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்ன தேடுகிறாய்?" என்று கேட்கும் கான்ஸ்டபிளுக்கு அவன் ஜியோகேஷிங்கை எந்த மொழியில் விளங்கப்படுத்துவான்? அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிடும் வேகத்தைக்கூட அவனுடைய அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். இந்த விளையாட்டு, மறைத்து வைத்த பெட்டி யாரையும் பயமுறுத்தாத சமூகத்தில் பிறந்தது. நாம் அங்கே போய்ச் சேர்வோம், எனக்கு அதில் சந்தேகமில்லை. அதுவரை, ஊரில் வைப்பதென்றால் கடைக்காரரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸிலும் சொல்லிவிட்டு, கண்ணாடிபோல உள்ளே தெரியும் டப்பாவில், பெயரை மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். அதில் மர்மம் குறைந்துவிடும்தான். குறையட்டும்.

அப்படியென்றால் விளையாடவே வழியில்லையா? இருக்கிறது, விளையாட்டுக்காரர்களே கண்டுபிடித்த வழி. 2004இலிருந்து எர்த்கேஷ் என்று ஒரு வகை நடக்கிறது. அமெரிக்கப் புவிச்சரிதவியற் கழகம் சேர்ந்து தொடங்கியது. பெட்டியே கிடையாது. ஆள்கூறு உங்களை ஒரு பாறைக்கோ அருவிக்கோ அழைத்துப் போகும். அங்கே நின்று பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வி இருக்கும். விடையை அனுப்பினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பெட்டிகளுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை, இந்த வகைக்குக் கதவைத் திறந்தன. நம் மலைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

முதல் கேள்வியை மலையில் வைக்கப் போவதில்லை. கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து காலியில் நாட்டிய கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் எழுதியது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. ஐந்நூறு ஆண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகப் பொறியியலாளர் ஒருவர் கண்ணில் பட்டது. நம் 138 பஸ்ஸில் போய் இறங்கி நடக்கும் தூரத்தில் இருக்கும் அந்தக் கல்லை இந்த மண்டபத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கைகளை உயர்த்த வேண்டாம். உங்கள் கேள்வி: தமிழ் எழுத்துகளில் புள்ளி இருக்கிறதா? போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மற்றவை எரத்னப் பாதையில். அடிவாரத்தில் வெப்பநிலையை எழுதுங்கள், உச்சியில் எழுதுங்கள். ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கு மேல் ஏறுகிறீர்கள். நூறு மீற்றருக்கு ஏறத்தாழ 0.65 பாகை குறைய வேண்டும், உங்கள் கணக்கு எவ்வளவு காட்டுகிறது? கடைசி ஹொர மரத்தை எந்த உயரத்தில் கண்டீர்கள், முதல் மகரத்மலை எந்த உயரத்தில்? வழியில் வெட்டுண்ட பாறை முகம் ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடும். அவற்றுக்கிடையே மிளகளவில் சிவந்த மணிகள் தெரிகின்றனவா? அவை செம்மணிக்கல். இரத்தினபுரியில் குழி தோண்டி இல்லம் என்ற சரளை மண்ணைக் கழுவுகிறவர்கள் தேடும் கற்களும் இந்த மலைநாட்டுப் பாறைகளிலிருந்து காலங்காலமாக மழை அரித்துக் கொண்டுபோனவைதான். பதூதா பார்த்த குழிகளில் இருந்த மணிகள் கீழே அகழ்ந்து மேலே சுமக்கப்பட்டவை. மலை தன் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது. கல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டாம், படம் போதும். உச்சியில் விடியலில் மேற்கே பாருங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக நம் கொழும்புப் பக்கம் விழும். சூரியன் ஏற ஏற அந்த முக்கோணத்தின் நுனி எந்தத் திசையில் நகர்கிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது? மலை எந்த வடிவமாக இருந்தாலும் தொலைவில் விழும் நிழல் முக்கோணமாகவே தெரியும் என்பார்கள் பௌதிகம் படித்தவர்கள். ஏன் என்று விளக்குகிறவருக்கு என் செலவில் நல்லதண்ணியில் தேத்தண்ணி.

பருவம் டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை. மற்ற மாதங்களில் எரத்னப் பாதையை நினைக்க வேண்டாம், விளக்கும் இருக்காது, துணைக்கு ஆளும் இருக்காது, ஆறு ஒரு மணித்தியாலத்தில் இடுப்பளவு ஏறும். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் மின்னலுக்கு முன் மரமில்லாத பகுதியைத் தாண்டிவிடுங்கள். நீண்ட காலுறை, மாற்றுக் காலுறை, விசில். போயா நாளையும் வார இறுதியையும் தவிருங்கள், சனத்தில் கல்லைப் பார்க்க முடியாது.

கேள்வித்தாள் வாசல் மேசையில் இருக்கிறது, ஒரு குழுவுக்கு ஒன்று எடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், அந்த மழையில் பேனை மை நிற்காது. பெற்றோரும் வருவதென்றால் தனித்தாள் வாங்கிக்கொள்ளலாம், பிள்ளைகளுடையதைப் பார்த்து எழுதக் கூடாது.